இருளாயித் தண்ணி

மருந்துக்கடை வைத்துக்கொண்டு 'மருந்து' என்ற சொல்லை வாயில் எடுக்காத ஆள் ஒருவர் உண்டென்றால் அது வடகவுஞ்சி குருநாதன்தான். மாத்திரை என்பார், கலவை என்பார், தூள் என்பார், களிம்பு என்பார். யாராவது, "இது என்ன மருந்துங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், முகத்தைச் சுளித்துக்கொள்வார். "மருந்துமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. வயித்துவலிக்குக் கலவை. கொதிச்சு ஆறின தண்ணியில கலக்கிக் குடி" என்று திருத்தி அனுப்புவார்.

இந்த வீம்புக்கு ஒரு பழைய கதை இருந்தது. கடை போட்ட புதிதில் ஒரு மாமியார்க்காரி, மருமகளுக்கு வயிற்றில் பூச்சி என்று வந்தாள். குருநாதன் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்து, "இந்த மருந்தை ராத்திரி சோத்துல பிசைஞ்சு குடுத்துருங்க" என்று கடைவீதியே கேட்கும்படி சொன்னார். பொழுது சாய்வதற்குள் மருமகளின் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு கம்போடு கடை வாசலில் நின்றார்கள். தங்கச்சிக்கு மருந்து வைக்கச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று கேட்டார்கள். அவர்கள் எதிரிலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்று காட்டித்தான் குருநாதன் தப்பினார். மறுநாள் முழுக்க அவர் கொல்லைப்பக்கமே கிடந்தார் என்று ஊர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது.

அந்த அண்ணன் தம்பிகளையும் குறை சொல்வதற்கில்லை. கொடைக்கானல் மலை ஊர்களில் அந்த ஒரு சொல்லுக்குள் பல சங்கதி குடியிருந்தது. பாறைக்கு வைத்து வெடிப்பது மருந்து. உருளைக்கிழங்குச் செடிக்கு மயில்துத்தம் கரைத்து அடிப்பது மருந்து. வீட்டில் சண்டை போட்ட ஒருத்தி மருந்தைக் குடித்துவிட்டாள் என்று சேதி வந்தால், பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் கிளம்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆகாதவர்கள் சோற்றிலும் தண்ணீரிலும் கலந்து வைக்கிற மருந்து என்று ஒன்று இருந்தது. நல்லா இருந்த ஆள் காரணம் தெரியாமல் இளைத்தால், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேச்சாகும். அதை எடுக்கத் தெரிந்தவனைத் தேடி மலையை விட்டு இறங்குவார்கள். காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கொடுப்பதையும் அதே பெயரால்தான் சொன்னார்கள், ஆனால் அது கடைசி அர்த்தம்.

குருநாதன் மலையில் பிறந்தவர் இல்லை. கன்னிவாடி. தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார்கள். தனியாய் நின்ற பிள்ளையைக் கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். தரை துடைத்து, பாட்டில் கழுவி, கலவை கலக்கப் பழகி, பரீட்சை எழுதி கம்பவுண்டர் ஆனார். வடகவுஞ்சியில் பெண் எடுத்தார். மனைவி வடிவுக்குக் கொடைக்கானல் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. வடகவுஞ்சியிலோ தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை கிடைக்காது. சரி என்று கடைவீதியில் ஓர் அறை பிடித்து, தராசும் கல்வமும் கண்ணாடி ஜாடிகளுமாக உட்கார்ந்துவிட்டார்.

ஜனங்கள் பாட்டிலைக் கையோடு கொண்டு வருவார்கள். எண்ணெய் வாடையோடு, சீமை எண்ணெய் வாடையோடு, சில நேரம் சாராய வாடையோடும் வரும். குருநாதன் அதை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கொதிக்க வச்சீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் தானே கொதிக்கவைத்துக் கழுவுவார். பிறகு கலவையை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரிய, பல் பல்லாய் வெட்டின காகிதப் பட்டையைப் பாட்டிலில் ஒட்டுவார். கடைசியில், "குடிதண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்பார். கல்யாண வீட்டிலும் சொல்வார், இழவு வீட்டிலும் சொல்வார். அதனால் மலைக்காரர்கள் அவருக்கு 'கொதிதண்ணி கம்பவுண்டர்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, ஒருத்தர் வீட்டிலும் தண்ணீர் கொதிக்கவில்லை. சோறு பொங்கவே விறகுக்கு அலைகிற இடத்தில் தண்ணீருக்கு யார் அடுப்பு மூட்டுவார்கள்?

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனி உத்திரத்துக்கு, வடகவுஞ்சிக்குக் கீழே சரிவில் இருக்கிற ஊத்துப்பாறையிலிருந்து ஒரு கூட்டம் காவடி எடுத்துப் பழனிக்கு இறங்கியது. அதில் இருளாயி மகன் குழந்தைவேலும் இருந்தான். இருளாயி வெள்ளைச்சேலைக்காரி. பூண்டு விதைக்கிற காலத்தில் காட்டு வேலை, மற்ற நாளில் விறகு என்று பாடுபட்டு அந்த ஒற்றை மகனை ஆளாக்கியிருந்தாள். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு வந்து தாலி கட்டுவதாக ஏற்பாடு.

திரும்புகாலில் பாதி ஏற்றத்திலேயே அவனுக்கு வயிறு புரண்டுவிட்டது. கம்பளியில் கிடத்தி, கம்பு கோத்துத் தூக்கி வந்தார்கள். குருநாதனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் ஓடி வந்து பார்த்தபோது குழந்தைவேலின் கண் உள்ளே போயிருந்தது. விரல் நுனியெல்லாம் நெடுநேரம் துணி துவைத்தவள் கைபோலச் சுருங்கிக் கிடந்தது. வயிற்றிலிருந்து போனது அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. குருநாதன் இதே கண்ணையும் இதே விரலையும் கன்னிவாடியில் தன் வீட்டில் பார்த்திருக்கிறார்.

உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். ஊற்றினது அத்தனையும் திரும்ப வந்தது. "வயித்தைக் காயப் போடாம இப்படி ஊத்துறீங்களேய்யா" என்று பக்கத்தில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கையிலிருந்த மாத்திரைகளைப் பொடி பண்ணிக் கொடுத்தார். மறுநாள் உச்சிக்குக் குழந்தைவேல் போய்விட்டான். அன்றைக்கே காவடிக்குப் போய்வந்த இன்னொரு வீட்டிலும் ஒருவன் படுத்தான்.

பூண்டு மூட்டையோடு குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகிற பொன்னுவேலிடம் கொடைக்கானல் சுகாதார ஆபீசுக்குச் சேதி சொல்லிவிட்டார் குருநாதன். பொன்னுவேல் திரும்பி வந்து, "இன்ஸ்பெக்டரு திருவிழா டூட்டிக்குப் பழனியில இருக்காராம்ங்க. ஆள் விட்டிருக்காங்க. வர ரெண்டு மூணு நாளாவது ஆகும்னாங்க" என்றான்.

ஊத்துப்பாறைக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் ஊற்றினால்தான். பாறை இடுக்கிலிருந்து கசிகிற நீர் ஒரு கல்தொட்டியில் நிறையும். ஊர் முழுக்க அதில்தான் குடம் முக்கும். அந்தத் தொட்டியை ஊர் கோயில்போல வைத்திருந்தது. செருப்போடு அண்டக்கூடாது. துணி துவைக்கக்கூடாது. தீட்டுத் துணி, நோயாளி துணி, சாவு வீட்டுத் துணி எதுவாக இருந்தாலும் ஊருக்கு மறுபக்கம் ஓடுகிற கீழோடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். குழந்தைவேலின் துணியையும் கம்பளியையும் அங்கேதான் அலசினார்கள்.

குருநாதன் யோசித்தது வேறு. துணி ஓடைக்குப் போனது, கை எங்கே போனது? நோயாளி வீட்டில் கழுவித் துடைத்த அதே கைதான் குடத்தோடு தொட்டிக்குள் முழங்கை வரை இறங்குகிறது. ஒரு வீட்டுக்கு வந்தால் தொட்டி வழியாக எல்லா வீட்டுக்கும் வந்துவிடும். கொதிக்கவை என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கடையில் பெர்மாங்கனேட் ஒரு ஜாடி இருந்தது. புண் கழுவக் கரைத்துக் கொடுக்கிற கருநீலக் குருணை. காலரா கண்ட ஊரில் கிணற்றுக்கு அதைப் போடுவதை அவர் ஆஸ்பத்திரி நாட்களில் பார்த்திருக்கிறார்.

இங்கேதான் அவர் பிசகினார். ஊரைக் கூட்டி, பெரியதனக்காரர் திருமலைச்சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லி, பத்துப்பேர் பார்க்கப் போட்டிருக்கலாம். அவருக்குப் பொறுமை இல்லை. கூட்டம் போட்டால் பேசியே பொழுது போகும், அதற்குள் பொம்பளைகள் முந்திக்கொண்டு தண்ணீர் எடுத்துவிடுவார்கள் என்று பயந்தார். இரண்டு நாளாய்க் கண் மூடாத மனுஷன், வெள்ளனே எழுந்து, பனியில் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, தன்னந்தனியாகத் தொட்டிக்குப் போனார். கையிலிருந்த குருணையைத் தூவி, மூங்கிலால் கலக்கினார். தண்ணீர் நாவல்பழம் கசக்கின நிறத்துக்கு மாறியது.

நிமிர்ந்தால், குடத்தை இடுப்பில் வைத்தபடி அன்னக்கொடி நிற்கிறாள். திருமலைச்சாமியின் மருமகள். அவள் தொட்டியைப் பார்த்தாள். தலை மூடி நின்ற ஆளைப் பார்த்தாள்.

"என்னத்தைய்யா போட்டீங்க இதுல?"

இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக் காத்த சொல், தூக்கக் கலக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டது.

"மருந்து" என்றார் குருநாதன்.

அன்னக்கொடி குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். குடம் சரிவில் உருண்டுபோனது. சொன்னது என்ன என்று குருநாதனுக்கு உறைக்கும் முன்னால் அவள் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றைக்குக் காலையிலேயே இரண்டு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. முந்தின நாட்களில் உள்ளே போன நோய் அன்றைக்கு வெளியே வந்தது, அவ்வளவுதான். ஊர் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. வெள்ளனே தொட்டியில் மருந்து விழுந்தது, வெயில் ஏறும்போது பிணம் விழுந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தொட்டிக்கரையில் கூடினார்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஏன்ய்யா, எங்க ஊரு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்று திருமலைச்சாமி கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "கெடுதல் நெனைக்காதவருன்னுதான நோய் கண்டதும் உங்களைக் கூப்பிட்டோம்?"

"இது கிருமிக்குப் போடுறதுங்க. மனுசனை ஒண்ணும் செய்யாது. பாருங்க" என்று சொல்லி குருநாதன் தொட்டியில் இரண்டு கையையும் விட்டு அள்ளி மடக் மடக்கென்று குடித்தார். வேட்டியெல்லாம் கத்திரிப்பூக் கறையாயிற்று. பூச்சிப் பொட்டலத்தைத் தின்று தப்பித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இந்தத் தடவை அது பலிக்கவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது: "மருந்து வைக்கிறவனுக்கு அதுக்கு முறிவு தெரியாதாக்கும்? முறிவைத் தின்னுட்டு வந்துதான் குடிக்கிறாரு."

அதற்குப் பதில் சொல்ல இந்த உலகத்தில் யாராலும் முடியாது. குருநாதன் இன்னொரு கை அள்ளிக் குடித்தார். அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நிமிஷத்திலிருந்து ஊத்துப்பாறை தன் தொட்டியை விட்டது. குடங்களை எடுத்துக்கொண்டு பொம்பளைகள் வரிசையாக மறுபக்கம் இறங்கினார்கள், கீழோடைக்கு. குழந்தைவேலின் கம்பளியை அலசின ஓடைக்கு. அலசிய இடத்துக்குக் கீழே மணல் தேங்கின ஒரு குழியில் தண்ணீர் பளிங்காய் நின்றது. பார்க்க அத்தனை சுத்தம். மருந்து விழாத தண்ணீர்.

குருநாதன் பாதையை மறித்துக்கொண்டு நின்றார். "அதைக் குடிக்காதீங்கம்மா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அதுலதான் நோய் கெடக்கு! தொட்டித் தண்ணி வேணாம்னா விடுங்க, இதைக் கொதிக்கவாச்சும் வைங்க!"

"கொதிதண்ணி ஆரம்பிச்சுட்டாருடி" என்று ஒருத்தி சொன்னாள். சிரிப்பில்லாமல் சொன்னாள். ஓர் ஆள் அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். அவர் முள்ளுக்குள் விழுந்து எழுந்தார். அதற்குள் முதல் குடம் நிறைந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிக் குருநாதன் பிற்பாடு வடிவிடம்கூட விரிவாய்ப் பேசினதில்லை. ஒரு வீடு மாற்றி ஒரு வீடு விழுந்தது. அன்னக்கொடியும் விழுந்தாள். அவர் வாசலில் போய் நின்றார். கஞ்சித் தண்ணீரோடு நின்றார். கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவள் தண்ணீர் தண்ணீர் என்று கத்துவது கேட்டது. அவள் மாமியார் கீழோடைத் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அந்தச் சத்தமும் நின்றது. திருமலைச்சாமி வெளியே வந்து, வாசலில் நின்ற குருநாதனைப் பார்த்தார். பிறகு மூங்கில் வெட்டப் போனார்.

வடகவுஞ்சிக்குத் திரும்பி வந்துவிடச் சொல்லி வடிவு ஆள் அனுப்பினாள். அவர் போகவில்லை. தொட்டிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். என்றைக்காவது ஒருத்தி குடத்தோடு இந்தப் பக்கம் வந்தால், எடுக்கும்மா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பது அவர் நினைப்பு. ஒருவேளை, இந்த ஊரை விட்டுப் போனால் மருந்து வைத்தவன் ஓடிவிட்டான் என்று ஆகிவிடும் என்றும் பயந்திருக்கலாம். நிறம் வெளுக்க வெளுக்கக் கொஞ்சம் குருணை தூவினார். ஒருத்தரும் குடிக்காத தண்ணீரைக் காவல் காத்தார்.

அந்த நாட்களில் ஒருநாள், வெயில் ஏறின நேரத்தில், இருளாயி வந்தாள். மகனைப் புதைத்ததிலிருந்து அவள் ஒரு வாய் உண்ணவில்லை என்று பேச்சு. தலை விரிந்து கிடந்தது. கையில் குடமில்லை, ஒரு பித்தளைச் செம்பு மட்டும் இருந்தது. ஓடைக்குக் கிளம்பின பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"கம்பவுண்டரய்யா, இதுலதான மருந்து போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

குருநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அதுவும் பெற்றவள். "ஆமாக்கா. இதுலதான்" என்றார்.

"நல்ல மருந்துதான? வெரசா வேலை செய்யுமா?"

"நல்லதுதான்க்கா. நம்பிக் குடிங்க."

இருளாயி செம்பை முக்கிக் குடித்தாள். மறுபடி முக்கினாள். மூச்சு முட்டக் குடித்தாள். கத்திரிப்பூ நிறம் மோவாயில் வழிந்து வெள்ளைச்சேலையில் இறங்கியது. குருநாதனே, "போதும்க்கா" என்று சொல்லும்படி குடித்தாள். பிறகு செம்பைக் கவிழ்த்து வைத்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் வெயில் பட்ட பாறையில், தெற்கே தலை வைத்து, கால் இரண்டையும் சேர்த்துக்கொண்டு மல்லாந்து படுத்தாள். சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் குருநாதனுக்கு விளங்கியது. அவள் அவரை நம்பி வரவில்லை. ஊரை நம்பி வந்திருக்கிறாள். ஊர் சொன்ன மருந்தைக் குடித்து மகன் போன இடத்துக்குப் போக வந்திருக்கிறாள். எழுந்து போய் அவளை உலுக்கிச் சொல்லிவிடலாம். சொன்னால் எழுந்து நேரே ஊருக்கு மேற்கே இருக்கிற செங்குத்துப் பாறைக்குப் போய்க் கீழே குதித்துவிடுவாள். சொல்லாமல் இருந்தால் படுத்தாவது கிடப்பாள். அவர் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

ஊர் சுற்றி நின்றது. திருமலைச்சாமியும் வந்தார். யாரும் அவளைத் தூக்கவில்லை, யாரும் அழவில்லை. அழ ஊரில் தெம்பில்லை. எப்போது போவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் பாறையை விட்டு நகர்ந்தது. மேகம் இறங்கி அவள்மேல் ஈரமாய்ப் படிந்தது. சேலைத் தலைப்பு மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

பொழுது அடையும் நேரத்தில் இருளாயி எழுந்து உட்கார்ந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். குருநாதனைப் பார்த்தாள்.

"என்னய்யா, ஒண்ணுஞ் செய்யலையே?" என்றாள். பிறகு, வெட்கக்கேட்டைச் சொல்வதுபோல மெதுவாய்ச் சொன்னாள்: "பசிக்குது."

ஒரு பெண் ஓடிப்போய்க் கஞ்சி கொண்டு வந்தாள். இருளாயி அழுதுகொண்டே குடித்தாள். குடித்தது வயிற்றில் தங்கியது. அவளுக்கு யாரும் முறிவு கொடுத்திருக்க முடியாது என்று ஊருக்குத் தெரியும். சாக வந்தவள் முறிவு தின்றுவிட்டா வருவாள்? மறுநாள் வெள்ளனே, தொட்டிக்கரையில் குடங்கள் வரிசையாய் நின்றன.

அதற்கு அடுத்த நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் ஊசிக்காரர்களோடும் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடும் வந்து சேர்ந்தார். பழனியிலிருந்து ஏறி வந்த களைப்பிலும் உட்காராமல் வேலை பார்த்தார். ஓடைக்குப் போகும் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். எல்லாருக்கும் ஊசி போட்டார். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "போடுறதுக்கு முந்தி ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கணும் குருநாதன்" என்று மட்டும் சொன்னார்.

"தொட்டியில நோய் இருந்திருக்குமாங்க?" என்று குருநாதன் கேட்டார்.

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை இப்ப எப்படிச் சொல்றது?"

குருநாதனுக்கு அது கடைசிவரை தெரியவில்லை. தொட்டி சுத்தமாகவே இருந்து, அவர் பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தால், ஊர் அதையே குடித்துப் பிழைத்திருக்குமோ என்னவோ. ஓடைக்குத் துரத்தினது அவருடைய குருணையா, அவருடைய ஒற்றைச் சொல்லா? கடையில் கல்வத்தில் அரைத்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். வடிவு பார்த்துவிட்டு, "அரைங்க" என்பாள். மறுபடி அரைப்பார்.

ஊர் மாறித்தான் போயிற்று. அதற்குப் பிறகு வயிற்றுக்கு என்றால் முதல் நாளே ஆள் வரும். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன என்று கடைக்குத்தான் முதலில் தெரியும். குருநாதன் உடனே சேதி அனுப்புவார், எது செய்தாலும் முதலில் ஊரைக் கூட்டுவார். பாச்சலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து, "இருளாயித் தண்ணிக்குப் போடுற தூள் குடுங்க" என்று கேட்டார்கள். அந்தக் கருநீலக் குருணைக்கு மலையில் அதுதான் பெயராயிற்று. ஒருநாள் இருளாயி கடையில் நிற்கும்போதே ஒருவன் அப்படிக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள். வாங்க வந்த தைலத்தை வாங்கவில்லை.

இன்னொன்றும் பழக்கத்துக்கு வந்தது. வருஷா வருஷம் பங்குனி உத்திரம் முடிந்து காவடிக்காரர்கள் மலை ஏறியதும், ஊத்துப்பாறைத் தொட்டியில் குருணை போடவேண்டும். போட்டதும் முதல் செம்பை இருளாயிதான் குடிக்க வேண்டும். அவள் குடிக்காமல் ஒருத்தியும் குடம் முக்கமாட்டாள். பிளீச்சிங் பவுடர் போதும் என்று குருநாதன் சொல்லிப் பார்த்தார். கலர் இல்லாவிட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் மகன் செத்த நாளை ஒட்டி, சாக முடியாமல்போன அதே பாறையில் நின்று, அவள் அதே தண்ணீரைக் குடித்துக் காட்ட வேண்டும். ஊர் அதை மரியாதை என்று நினைத்துச் செய்தது. அவளுக்குக் கோடிச்சேலைகூட எடுத்துக் கொடுத்தது. அவளை விட்டுவிடுங்கள் என்று ஊரிடம் சொல்லக் குருநாதனுக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவள் குடிக்காவிட்டால் குடங்கள் எங்கே இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

செம்பை நீட்டுகிறவர் அவர்தான். வாங்கும்போது ஒவ்வொரு வருஷமும் இருளாயி அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று கேட்பாள்.

"இந்த வருசமாச்சும் நெசமான மருந்து போட்டீங்களா?"

"இல்லக்கா. கிருமிக்குப் போடுறதுதான்" என்பார்.

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் குடிப்பாள். பின்னால் குடங்கள் தொட்டிக்குள் இறங்கும்.

அறுபத்தைந்தாம் வருஷம் இருளாயி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இருமி இருமி எலும்பாகியிருந்தாள். குருநாதன் தன்னால் ஆனதையெல்லாம் கொடுத்துப் பார்த்தார், கொடைக்கானலுக்குக் கொண்டுபோகிறேன் என்றும் கெஞ்சினார். அவள் அசைவதாக இல்லை. பங்குனி வந்தது. அந்தத் தடவை பழனியிலேயே பேதி கண்டிருப்பதாகச் சேதி. குருநாதன் ஊரைக் கூட்டி, எல்லாரும் பார்க்கக் குருணையைப் போட்டுக் கலக்கினார். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். யாரும் முக்கவில்லை.

"நான் குடிக்கிறேன்" என்றார் குருநாதன்.

"தப்பா நெனைக்காதீங்க" என்று திருமலைச்சாமி தயங்கினார். அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. "நீங்க முறிவு தெரிஞ்சவுங்கன்னு இன்னமும் சில பேரு சொல்றாங்க. ஏலே, போய் அதைத் தூக்கிட்டு வாங்கடா."

கட்டிலோடு தூக்கி வந்தார்கள். பாறைமேல் இறக்கி வைத்தார்கள். குருநாதன் செம்பில் அள்ளிக்கொண்டு அவள் தலைமாட்டில் குனிந்தார். அவள் கண் திறந்து நிறத்தைப் பார்த்தாள். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"இந்த வருசமாச்சும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதுமில்லை. குருநாதன் செம்பைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். அவள் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"ஆமாக்கா. இந்தத் தடவை மருந்து போட்டிருக்கேன்" என்றார்.

இருளாயி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகம் தெளிந்தது. குழந்தைவேலைத் தூக்கி வருவதற்கு முந்தின நாள் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று குருநாதன் அப்போதுதான் பார்த்தார். தானே கையை உயர்த்திச் செம்பைத் தாங்கிக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அவள் குடித்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குடங்களைத் தொட்டிக்குள் முக்கினார்கள்.